சாமியானாவுக்குள் வந்த வெயில்

என் மைத்துனன் சட்டைப் பொத்தானில் கை வைத்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். சில வருடங்களாக இதுதான் என் வழக்கம். வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்து, பேச்சு உடம்பு, மருந்து என்று திரும்பிவிட்டால் அவன் மார்பைத் திறந்து காட்டுவான். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தோல் கருத்துத் தடித்திருக்கும். நடுவில் மட்டும், ஒரு சின்னப் பிள்ளை சாய்ந்து உட்காரும் அளவுக்கு, பழைய மாநிறம் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் சாய்ந்திருந்தவன் என் பேரன்.

"மருந்து செஞ்ச வேலை" என்பான் வந்தவரிடம். உள்ளே சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே நான் தண்ணீர் குடிப்பேன். அது மருந்து செய்த வேலை இல்லை. நான் செய்த வேலை.

நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் ஆராய்ச்சி, வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் சாயங்களைப் பற்றியது. இருட்டில் இவை ஒன்றும் செய்யாது. சரியான நிறத்து வெளிச்சம் பட்டதும் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிடும். அந்த ஆக்சிஜன் தொட்ட செல்லைச் சிதைத்துவிடும். புற்று உள்ள இடத்தில் சாயம் சேரும்படி செய்து, அந்த இடத்தில் மட்டும் சிவப்பு வெளிச்சம் காட்டினால், கத்தி வைக்காமலே அதை அழித்துவிடலாம். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சாயங்களில் பல தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியான சாயம் வெளிச்சம் பட்டாலும் சும்மா கிடக்கும். அதனால் கண்ணுக்கே தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் வைத்து அனுப்புவார்கள். நானோ கேரியர் என்று வகுப்பில் சொல்வோம். அதிலும் ஒரு தொல்லை உண்டு. உடம்பு அந்தக் குமிழியை அந்நியப் பொருள் என்று கண்டு கல்லீரலுக்கு இழுத்துப்போய்விடும். அதற்காகக் குமிழியின் மேல் ஒரு போர்வை போர்த்துவோம். போர்த்தினால் உடம்புக்கு அடையாளம் தெரியாது. குமிழி ரத்தத்தில் நெடுநேரம் சுற்றும். சுற்றச் சுற்றப் புற்றில் போய்ச் சேரும்.

எங்கள் ஆய்வகத்தில் செய்தது இந்தப் போர்வை வேலைதான். ஜன்னல்களில் கறுப்பு சார்ட் தாள் ஒட்டி, குப்பிகளை வெள்ளித் தாளில் சுற்றி, இருட்டில் தடவித் தடவி வேலை பார்ப்போம். கரண்ட் போனால் மற்றத் துறைகளில் கூச்சல் போடுவார்கள். எங்களுக்கு அது லாபம். என் குமிழிகள் எலிகளைத் தாண்டி எங்கும் போகவில்லை. அந்த ஏக்கம் எனக்குள் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடி போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். வீடு அரிமளத்தில். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல கல்யாணமே பண்ணலாம், அம்புட்டு எடம் கெடக்கு. ஆத்தா, அந்தக் கூடையத் தூக்கி மடியில வையி, அதுக்கு டிக்கெட்டு கேக்க மாட்டேன்" என்று அவன் பேசுவதைக் கேட்கவே அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் உண்டு. கன்னத்தில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பான். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. சதையெடுத்துப் பார்த்ததில் புற்றின் தொடக்கம் என்றார்கள்.

பெரிய நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இந்தச் சாய மருந்தைக் குமிழிக்குள் வைத்துக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நானே விசாரித்து, நானே அவனை அழைத்துப் போனேன். ஊசி போட வந்த நர்ஸிடம் அவன், "இது எங்க மச்சான் கண்டுபிடிச்ச மருந்து" என்றான். "சும்மா இரு மாப்ளே, இது வேற ஆளுங்க மருந்து" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மருந்து ஏற்றிச் சில நாள் கழித்து நாக்கில் வெளிச்சம் காட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகவே சொன்னார். நான்கு வாரம் வெயில் படக்கூடாது. ஜன்னல் ஓரத்தில்கூட உட்காரக்கூடாது. சாயம் தோலிலும் இருக்கும். வெயில் பட்டால் நாக்கில் நடந்ததுதான் தோலிலும் நடக்கும். சில மாதம் கழித்து இன்னொரு முறை வெளிச்சம் காட்ட வேண்டியிருக்கலாம், அதற்கு வரவேண்டும் என்றும் சொன்னார்.

அவனை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். நடு அறை ஜன்னலில் அட்டை வைத்து அடைத்தோம்.

"வயசுக்கு வந்த பிள்ளைய ஒக்கார வச்ச மாதிரி வச்சிருக்கியேக்கா" என்று உள்ளே இருந்து கத்துவான்.

"ஆமா, ஒனக்குப் புட்டு சுத்த எவ வருவா? பேசாம படு" என்பாள் என் மனைவி.

நாக்கு வீங்கி எரிந்த நாட்களிலும் அவன் பேச்சு குறையவில்லை. இரண்டு வாரம் இப்படிப் போனது.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து என் மகள் லீவில் வந்தாள். பேரனுக்கு மொட்டையெடுத்துக் காது குத்த வேண்டும். அன்னவாசல் பக்கத்தில் எங்கள் குலதெய்வம். நாள் குறித்து, கிடாய் பேசி, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. அவன் மருந்து ஏற்றிக்கொண்ட மூன்றாவது வாரத்தில் அது வந்தது.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மகளுக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லை. முறைப்படி என் அண்ணன் மகன்தான் அவளுக்குத் தம்பி, பிள்ளைக்குத் தாய்மாமன். அவன் வீடு கோயிலுக்கு எதிரிலேயே இருந்தது. ஆனால் எனக்கும் என் அண்ணனுக்கும் பொதுக்கிணற்று விவகாரத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. நான் வாசலில் போய் நின்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அண்ணன் மகன் வந்திருப்பான். வரமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. வருவான் என்று தெரிந்துதான் கூப்பிடாமல் இருந்தேன்.

"பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லாட்டி என்ன, தாய்க்குத் தாய்மாமன் இருக்கானே. அவன் மடியில வச்சுக் குத்துவோம்" என்றேன்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "அவன எப்படிங்க வெளிய கூட்டிட்டுப் போறது? டாக்டரு நாலு வாரம்னு சொல்லியிருக்காரே."

"அது பழைய மருந்துக்குச் சொல்றது. அதையே எல்லாருக்கும் சொல்லிட்டிருக்காங்க. இது கொழுப்புக்குள்ள வச்ச மருந்து. நேரா நாக்கைத் தேடிப் போயிரும். தோலுக்கு எங்க வருது? வந்திருந்தாலும் இந்நேரம் வெளியேறியிருக்கும். அதோட சாமியானா போடுறோம்ல?"

அறைக்குள்ளிருந்து மைத்துனன், "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. எனக்கும் இருட்டுல இருந்து இருந்து மொகமே மறந்துபோச்சு" என்றான்.

நான் சொன்னது தவறு. தெரியாமல் செய்த தவறும் இல்லை. போர்வை போட்ட குமிழி ரத்தத்தில் நெடுநேரம் தங்கும் என்பதுதான் என் ஆராய்ச்சியின் பெருமை. ரத்தத்தில் நெடுநேரம் தங்குவது உடம்பை விட்டுப் போகவும் நேரமாகலாம், தோலுக்கும் அதனால் ஆபத்து நீளலாம் என்பது அதே பெருமையின் மறுபக்கம். இதைத் தேர்வுத் தாளில் மாணவர்களிடம் நானே கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதை நினைத்துப் பார்த்திருந்தால் அண்ணன் வாசலுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் நினைக்கவில்லை.

காலையில் நல்ல நேரம். கோயில் முன்னால் திடலில் சாமியானா போட்டிருந்தார்கள். மேலே துணி, பக்கங்களில் ஒன்றுமில்லை. தாய்மாமன் சட்டையில்லாமல், புது வேட்டி கட்டி, மாலை போட்டுக் கிழக்குப் பார்த்து மணையில் உட்கார வேண்டும். மணையைச் சாமியானாவின் கிழக்கு ஓரத்தில் போட்டிருந்தார்கள். எழும்பிக்கொண்டிருந்த சூரியன் துணிக்குக் கீழே நேராக உள்ளே வந்தது. தலைக்கு மேல் நிழல் இருந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன். இருட்டறையில் இத்தனை வருடம் வெளிச்சத்துக்குப் பயந்து வேலை செய்தவன், வெயில் பக்கவாட்டில் வரும் என்பதைப் பார்க்கவில்லை.

மொட்டை முடிந்தது. காது குத்தும் ஆசாரி இன்னொரு கோயிலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். பிள்ளை மடியில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். மைத்துனன் என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னான்.

"மச்சான், ஒடம்பு பூரா சுள்ளெறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு."

"வேர்க்குருவா இருக்கும் மாப்ளே. கொஞ்சம் பொறுத்துக்க. பாதியில எந்திரிச்சா நல்லா இருக்காது."

பக்கத்தில் நின்ற ஒருவர், "காலை வெயிலுதானே, ஒடம்புக்கு நல்லது" என்றார்.

அவன் எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டி, "அழுவாதடா, ஒன் காதுக்கும் டிக்கெட்டு போட்டாச்சு, எறங்குற எடம் வந்திருச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆசாரி வந்து இரண்டு காதும் குத்தி முடித்தபோது அவன் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. என் மகள் பிள்ளையை வாங்கிக்கொண்டதும், "மச்சான், எண்ணெய ஊத்துன மாதிரி எரியுது, எங்கிட்டாச்சும் உள்ள கொண்டுபோங்க" என்றான்.

பக்கத்தில் இருந்த ஒரே ஓட்டுக்கூரை என் அண்ணன் வீடு. கதவு திறந்திருந்தது. அண்ணன் மகன் வாசலில் நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மைத்துனனைக் காரில் ஏற்றினேன். கண்ணாடி வழியாக வெயில் விழ, புதுக்கோட்டை வரை அவன் முனகிக்கொண்டே வந்தான்.

மறுநாள் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியது. மார்பிலும் தோளிலும் கையிலும் கொப்புளம். பேரன் சாய்ந்திருந்த இடம் மட்டும் தப்பித்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நகரத்து டாக்டருக்குப் போன் செய்தேன்.

"வெயில்ல போனாரா?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம். சாமியானாவுக்குள்ளதான்."

"நாலு வாரம்னு சொல்லியிருந்தோமே சார். நீங்க கெமிஸ்ட்ரி புரொபசர்தானே?" என்றார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கட்டிலருகே போனேன். மைத்துனன் வீங்கிய இமைக்குள்ளிருந்து கேட்டான். "டாக்டரு என்ன சொன்னாரு மச்சான்?"

"சில பேருக்கு இந்த மருந்து ஒத்துக்காதாம்" என்றேன்.

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். புண் ஆறியது, தோல் கருத்தது. சில மாதம் கழித்து இரண்டாவது முறை வெளிச்சம் காட்டக் கூப்பிட்டார்கள். நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "ஒத்துக்காத மருந்த மறுக்கா போட்டுக்கிட்டு சாகவா? நான் வரலை மச்சான்" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவனாக எடுத்த முடிவு என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் திட்டு ஆழமாக இறங்கி, நாக்கில் பாதியை எடுத்துவிட்டார்கள். பஸ் வேலை போனது. இப்போது அவன் பேசுவது வீட்டாருக்கு விளங்கும், மற்றவர்கள் இரண்டு முறை கேட்பார்கள். இங்கே நான் அவன் பேச்சைத் தெளிவாகவே எழுதுகிறேன். அவன் வாயிலிருந்து அது அப்படி வருவதில்லை.

இந்தப் பங்குனியில் ஒருநாள் காலை அவன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். அரிமளத்தில் அவனுக்குப் பக்கத்து வீடு. இட்லிக் கடை வைத்திருப்பவர். வெற்றிலை புகையிலைப் பழக்கம். கன்னத்தின் உள்பக்கம் திட்டு. பரிசோதனையில் அதே தொடக்கம். அதே வைத்தியத்துக்குத்தான் அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அவர் பதில் சொல்ல வேண்டும்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்குது மச்சான். நீங்களே சொல்லுங்க. அந்த ஆராய்ச்சியே பண்ணுன ஆளு நீங்க" என்றான்.

அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அண்ணே சொல்றாரு, அந்த லைட்டு வைத்தியத்துக்குப் போனா ஒடம்பு வெந்துபோகும்னு. டாக்டரம்மா பயப்படாதீங்கங்குறாங்க. வேணாம்னா கன்னத்த அறுக்கணுமாம். யாரு சொல்றதக் கேக்குறதுன்னே தெரியலீங்க சார். நீங்க படிச்சவங்க."

"இத பாரு தங்கச்சி" என்று மைத்துனன் சட்டைப் பொத்தானில் கை வைத்தான். முதல் பொத்தான் கழன்றது.

எழுந்து உள்ளே போகக் கால் தானாகவே நகர்ந்தது. அந்தப் பெண் கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்விட்டால் அவர் அந்த மார்பைப் பார்ப்பார், எழுந்து வீட்டுக்குப் போவார், கன்னத்தை அறுக்கக் கொடுப்பார். உட்கார்ந்தேன்.

"அம்மா, அது மருந்து செஞ்சது இல்ல. நான் செஞ்சது" என்றேன்.

மைத்துனன் கை இரண்டாவது பொத்தானில் நின்றது.

"வெயில்ல போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. அவர் சொன்ன நாள் முடியலை. நான்தான் பரவாயில்லன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். என் அண்ணன் மகனைக் கூப்பிட எனக்கு மனசு வரலை, அதுக்காக. எரியுதுன்னு சொன்னான், அப்பவும் உக்காருன்னேன். மருந்து ஒத்துக்கலைன்னு டாக்டர் சொன்னதா நான் சொன்னது பொய். அவர் அப்படிச் சொல்லவே இல்லை."

சமையலறை வாசலில் காபி டம்ளர்களோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

மைத்துனன் கேட்டான். "அப்புடிச் சொல்லவே இல்லையா?"

"இல்ல மாப்ளே."

"அப்ப அந்த ரெண்டாவது லைட்டு?"

"போயிருக்கணும். போயிருந்தா நாக்கு தப்பிச்சிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. தப்பிச்சிருக்கலாம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. கழற்றிய பொத்தானைப் போட்டான். துளைக்குள் அது போக நேரமாயிற்று. பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னான்.

"நீ போயிட்டு வா தங்கச்சி. டாக்டரம்மா என்ன சொல்லுதோ அத மட்டும் கேளு. எத்தன நாளு உள்ள இருக்கச் சொல்றாங்களோ அத்தன நாளு இரு. ஒருநாளு கொறைக்காத. சொந்தக்காரன் எவன் சொன்னாலும் வெளிய வராத."

"கடைய என்னண்ணே பண்றது?"

"ஒன் யாவாரம் விடியிறதுக்கு முன்ன தொடங்கி விடிஞ்சதும் முடியிறதுதானே. அதையும் கொஞ்ச நாளைக்கு மூடு. ஊருல எவனும் ஒன் இட்லி இல்லாம சாக மாட்டான்."

அந்தப் பெண் சிரித்தார். சிரித்ததும் கன்னம் வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். இருவரும் எழுந்தார்கள். அவன் வாசலில் குடையை விரித்தான். வெயிலுக்குக் குடையில்லாமல் அவன் எங்கும் போவதில்லை. "காபி குடிச்சிட்டுப் போடா" என்றாள் என் மனைவி. "வாரேன்க்கா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டுக்கு வரவில்லை. போன் செய்தால் மணி அடித்து நின்றுவிடுகிறது. மனைவியிடம் பேசுகிறான். அவள் எனக்கு வேளைக்குச் சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை மட்டும், "காதுகுத்து அன்னைக்குக் காரை ஒங்க அண்ணன் வீட்டு வாசல்ல நிப்பாட்டச் சொல்லிக் கேட்டேன். நீங்க காதுல வாங்கலை" என்றாள். அவள் கேட்டது எனக்கு நினைவில்லை. அதற்காக அவள் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணுக்கு வெளிச்சம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நாள் முடிந்தபிறகுதான் கன்னம் எப்படி இருக்கிறதென்று சொல்வார்களாம். அவர் இருக்கும் அறை ஜன்னலுக்கு அட்டை அடித்தது என் மைத்துனன். பகல் முழுவதும் அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் குடையோடு உட்கார்ந்திருக்கிறானாம். இட்லி கேட்டு வருகிறவர்களையும், "சும்மா ஒரு எட்டு கோயிலுக்கு வந்துட்டுப் போகட்டுமே" என்று கூப்பிட வருகிற சொந்தக்காரர்களையும் கையை ஆட்டி விரட்டுகிறானாம். மனைவி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

ஜன்னலை அடைத்தால் போதாது, கிழக்குக் கதவின் அடியில் காலை வெயில் நுழையும், ஒரு பழைய சேலையைச் சுருட்டி வைக்கச் சொல் என்று மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். டாக்டரம்மா அதைச் சொல்லியிருப்பார்.